நிறுத்தி வைத்த காரும் நுழைந்த விருந்தாளியும்



இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் சிலருக்குச் சிரிப்பை வரவழைக்கக்கூடும். நிறுத்தி வைத்த காருக்குள் புகுந்துவிடும் காட்டு உயிர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சூரிய மறைப்புத் தட்டைக் கீழே இழுத்ததும் மடியில் விழும் சிலந்தி, பொனற்றுக்குள் உறங்கும் பொஸம், சக்கரத்தின் மேல் சுருண்டிருக்கும் பாம்பு என்று நம்மவர்கள் கூடும் இடமெல்லாம் இப்படி ஒரு கதை இருக்கும். இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்பீர்கள். கேரம் டவுன்ஸில் பல ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் தடியைத் தேடும் நம் கை சற்றுத் தயங்கும் என்பது என் நம்பிக்கை. அந்தத் தயக்கம் ஒரு பாம்பின் உயிரை மட்டுமல்ல, நம் வீட்டுப் பிள்ளையின் உயிரையும் காக்கலாம்.

சதுப்பு நிலமாக இருந்த ஊர்

கேரம் டவுன்ஸ், மெல்பேர்ன் நகர மையத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரத்தில், பிராங்ஸ்டன் நகரசபைக்குள் இருக்கிறது. தமிழர்களில் பெரும்பாலானோர் இந்த ஊரின் பெயரை அறிந்தது சிவா விஷ்ணு ஆலயத்தால்தான். விக்டோரியா இந்து சங்கத்தின் முயற்சியில் எழுந்த அந்தக் கோயிலுக்கு 1994ஆம் ஆண்டு குடமுழுக்கு நடந்தது. திருவிழாக் காலங்களில் அங்கே வந்து நிற்கும் கார்களைப் பார்ப்பவர்களுக்கு, இந்தப் பக்கம் ஒரு காலத்தில் தண்ணீரும் நாணலுமாக இருந்தது என்று சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும்.

மொர்டியலக்கிலிருந்து பிராங்ஸ்டன் வரை, கடற்கரை மணல்மேட்டுக்குப் பின்னால், பல ஆயிரம் ஹெக்டேர் பரப்பில் ஒரு பெரிய சதுப்பு நிலம் இருந்தது. கேரம் கேரம் சதுப்பு என்பது அதன் பெயர். அதன் ஓரத்து மேட்டு நிலம்தான் நம் கேரம் டவுன்ஸ். இந்த நிலத்தின் ஆதிக் குடிகளான புனுரோங் மக்கள் அங்கே விலாங்கு மீனும் நீர்ப்பறவையும் பிடித்து, பறவை முட்டைகளைச் சேகரித்து வாழ்ந்தார்கள். ஐரோப்பியர் வந்தபின் சதுப்பு பயனற்ற நிலம் ஆயிற்று. 1870களின் கடைசியில் கடலுக்கு ஒரு வாய்க்கால் வெட்டி நீரை வடிய விட்டார்கள். அந்த வாய்க்காலுக்குத்தான் இன்று பற்றர்சன் ஆறு என்று பெயர். 1882இல் பிராங்ஸ்டனுக்கு ரயில் வந்தது. வடிந்த நிலத்தில் மாடுகள் மேய்ந்தன, மரக்கறித் தோட்டங்கள் எழுந்தன. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1935இல், ஜெரார்ட் டக்கர் என்ற பாதிரியாரின் முயற்சியால் செயின்ட் லோரன்ஸ் சகோதரத்துவம் கேரம் டவுன்ஸில் வேலையற்ற குடும்பங்களுக்காக ஒரு குடியிருப்பை அமைத்தது. தோட்டம் செய்து பிழைக்க நிலம் கிடைக்காதா என்று வந்தவர்கள் அவர்கள்.

அதன்பின் வீடுகள் பெருகின. 2008இல் ஈஸ்ட்லிங்க் நெடுஞ்சாலை இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. 2013இல் பெனின்சுலா லிங்க் திறக்கப்பட்டது. பைன்ஸ் என்று நாம் சொல்லும் பக்கத்துக் காப்புக்காட்டின் ஊடாகவே அந்தச் சாலை போகிறது. பழைய சதுப்பில் இன்று மிஞ்சியிருப்பது முக்கியமாக எடித்வேல் - சீஃபோர்ட் ஈரநிலங்கள்தான். அவற்றை 2001இல் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவித்தார்கள்.

நீர் போனது, நாணல் போனது. ஆனால் உயிர்கள் அத்தனையும் போய்விடவில்லை. இந்தப் பக்கத்தில் அதிகம் காணப்படும் புலிப்பாம்பும் செம்புத்தலைப் பாம்பும் தவளை தின்று ஈர நிலத்தில் வாழ்பவை. சதுப்பு வடிந்தபின் அவை வாய்க்கால் கரைகளிலும் மழைநீர்க் குளங்களின் ஓரங்களிலும் ஒதுங்கின. அந்தக் கரைகளை ஒட்டித்தான் நாம் வீடு கட்டினோம், கார்த் தரிப்பிடம் போட்டோம். ஆகவே பாம்பு நம் காருக்கு வந்தது என்று சொல்வதைவிட, பாம்பு இருந்த இடத்தில் நாம் காரைக் கொண்டுவந்து நிறுத்தினோம் என்று சொல்வதே பொருந்தும்.

கார் ஏன் பிடிக்கிறது?

ஒரு காட்டு உயிரின் கண்ணால் காரைப் பாருங்கள். வெயிலில் அது நிழல். குளிர்ந்த மாலையில், இயந்திரம் நின்று சில மணி நேரம் வரை, அது ஒரு கணப்பு அடுப்பு. உள்ளே எங்கு பார்த்தாலும் இருட்டான, குறுகலான பொந்துகள்.

ஹன்ட்ஸ்மன் சிலந்தியின் உடல் தட்டையானது. மரப்பட்டைக்கு அடியில் வாழப் பழகிய உயிர். கார்க் கதவின் றப்பர் விளிம்பும் சூரிய மறைப்புத் தட்டும் அதற்கு மரப்பட்டை மாதிரிதான். அது வலை பின்னாது. ஓடி இரை பிடிக்கும். அதன் கடியால் மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஓடும் காரில் அதைக் கண்டு பதறிச் சுக்கானை விடுவதுதான் ஆபத்து. இதே குடும்பத்துப் பெரிய சிலந்தி ஒன்று யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் வீட்டுச் சுவர்களில் கரப்பான் பூச்சி பிடித்துத் திரிவதை நம்மில் பலர் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். அங்கே விளக்குமாற்றால் மெல்லத் தள்ளிவிட்டோம், இங்கே அலறுகிறோம். செங்கோட்டுச் சிலந்தி அப்படியல்ல. நெடுநாள் ஓடாமல் நிற்கும் காரின் சக்கர வளைவிலும் அடிப்பக்கத்திலும் அது வலை கட்டும். கையுறை இல்லாமல் அங்கே கைவிடக்கூடாது.

பொஸமின் கதை மரங்களின் கதை. யூக்கலிப்டஸ் மரத்தில் பொஸம் தங்கும் அளவுக்குப் பொந்து விழ நூறு ஆண்டுகளுக்கு மேல் செல்லும். பழைய மரங்களை வெட்டிவிட்டு நாம் நட்ட மரங்களுக்கு அந்த வயது இன்னும் வரவில்லை. பொந்தில்லாத பொஸம் கூரைக்குள் போகிறது, கராஜுக்குள் போகிறது, சிறியதாக இருந்தால் பொனற்றுக்குள்ளும் போகிறது.

எலி மட்டும் வேறு கணக்கு. காரின் வயர்களைக் கடித்து நமக்குச் செலவு வைக்கும் கறுப்பெலி கப்பலில் வந்த எலி. ஆனாலும் ஈரநிலக் கரைகளில் ரகாலி என்ற சுதேச நீரெலியும் வாழ்கிறது. கண்டபடி நஞ்சு வைத்தால் அதற்கும் ஆபத்து. நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தைக்கும் சாவுதான்.

தடி பிடித்த காலம்

சுதேச உயிர், வந்தேறிய உயிர் என்ற இந்தப் பிரிவு நேற்று வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணம் நேர்மாறாக இருந்தது. 1861இல் மெல்பேர்னில் ஒரு சங்கம் அமைத்து, வெளிநாட்டு விலங்குகளையும் பறவைகளையும் இங்கே கொண்டுவந்து பழக்கினார்கள். தோட்டப் பூச்சிகளைத் தின்னட்டும் என்று 1862ஆம் ஆண்டளவில் மெல்பேர்னுக்குக் கொண்டுவரப்பட்டதுதான் நம்மூர் மைனா. கோயில் வாசலில் அதைக் காணும்போது ஊர் நினைவு வருகிறது. இந்த நாட்டுக்காரருக்கோ அது சுதேசப் பறவைகளைப் பொந்திலிருந்து துரத்தும் தொல்லை. அதே காலத்தில் பொஸமைத் தோலுக்காகப் பெருமளவில் வேட்டையாடினார்கள். பாம்பைக் கண்ட இடத்தில் அடிப்பது நல்ல குடிமகனின் கடமையாகக் கருதப்பட்டது. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று வளர்ந்த நமக்கு அந்த மனநிலை புதிதல்ல.

பாம்பை உயிரோடு விட வேண்டிய பெறுமதியான உயிராகப் பார்க்கத் தூண்டியவற்றில் மருத்துவமும் ஒன்று. மெல்பேர்னில் சார்ள்ஸ் கெலவேயின் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, பொதுநலவாய சீரம் ஆய்வுக்கூடம் 1930இல் புலிப்பாம்பு நஞ்சுக்கு முறிமருந்து வெளியிட்டது. நஞ்சுமுறி செய்ய நஞ்சு வேண்டும். நஞ்சுக்கு உயிருள்ள பாம்பு வேண்டும். 1950இல் கெவின் பட்டன் என்ற 20 வயது சிட்னி இளைஞர் கெயர்ன்ஸ் நகரில் ஒரு தைப்பான் பாம்பை உயிரோடு பிடித்தார். அதன் கழுத்தைக் கையில் பிடித்தபடியே, வழியில் வந்த லொறி ஒன்றை நிறுத்தி ஏறிப் போனார். பைக்குள் போடும்போது பாம்பு கடித்தது. மறுநாள் அவர் இறந்தார். ஆனால் பாம்பைக் கொல்ல அவர் விடவில்லை. அது மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்தது. டேவிட் ஃப்ளே அதன் நஞ்சைக் கறந்தார். 1955இல் தைப்பான் நஞ்சுமுறி வந்தது. அடுத்த ஆண்டே செங்கோட்டுச் சிலந்திக்கும் மருந்து வந்தது. 1979இல் ஸ்ட்ருவன் சதர்லண்ட் குழுவினர், கடிபட்ட கை காலை முழுவதும் இறுக்கமாகத் துணி சுற்றி அசையாமல் வைத்திருக்கும் முதலுதவி முறையை வெளியிட்டார்கள். இன்றும் இந்த நாட்டில் அதுவே முறை.

1975இல் விக்டோரியா மாநிலம் வனவுயிர்ச் சட்டத்தை இயற்றியது. இன்று அதன் கீழ் சுதேசப் பாம்புகள் அனைத்தும் பாதுகாக்கப்பட்டவை. உரிமம் இல்லாமல் அவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். அபராதத்துக்கும் சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. பொஸமும் அப்படித்தான். வீட்டுக்குள் வந்த பொஸமைக் கூண்டில் பிடித்துத் தொலைவிலுள்ள பூங்காவில் கொண்டுபோய் விடுவது புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள். பிடித்த இடத்திலிருந்து 50 மீற்றருக்குள் விடவேண்டும் என்பதே விதி. புதிய இடத்தில் விடப்பட்ட பொஸம், அங்கே ஏற்கெனவே உள்ள பொஸமிடம் அடிபட்டோ பொந்து கிடைக்காமலோ பெரும்பாலும் செத்துப்போகும்.

இருளர் காட்டிய வழி

இந்த மாற்றம் வெள்ளைக்காரர் தந்த பாடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் இதே கதை நடந்தது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பாம்பு பிடிப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். புழுதியில் பதிந்த தடத்தையும் வளை வாயில் கிடக்கும் எச்சத்தையும் பார்த்தே உள்ளே என்ன பாம்பு என்று சொல்லக்கூடியவர்கள். அவர்கள் பிடித்த பாம்புகள் தோல் வியாபாரிகளிடம் போயின. 1972இல் இந்தியா வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தோல் வியாபாரம் படுத்தது. இருளர் குடும்பங்கள் பட்டினியை எதிர்கொண்டன.

1978இல் ரொமுலஸ் விட்டேக்கரின் துணையோடு இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் அது இயங்கி வந்திருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து நஞ்சு கறந்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மறுபடியும் காட்டில் விடுவார்கள். இந்திய மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு அந்த நஞ்சு முக்கிய மூலப்பொருள். 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை அழைத்துப் போனார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளிப் படிப்பில்லாத நம் தமிழர் இருவரின் அறிவை உலகம் தேடி வந்தது. பாம்பை அடிக்காமல் வாழும் வித்தை நம் மொழி பேசுபவரிடமே இருந்தது என்பதை இங்கு வளரும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

வாசனைக்கு வருபவர்கள்

நிழலும் சூடும் தவிர, காருக்குள் உயிர்களை இழுக்கும் இன்னொன்று சாப்பாடு. இதில் உலகப் புகழ்பெற்ற பாடம் அமெரிக்காவின் யொசெமிட்டி தேசிய பூங்காவில் கிடைத்தது. 1998ஆம் ஆண்டில் மட்டும் அங்கே கருங்கரடிகள் ஏறத்தாழ 1,600 சம்பவங்களில் ஆறரை லட்சம் டொலருக்கு மேல் சேதம் செய்தன. அவற்றில் பெரும் பகுதி, நிறுத்தி வைத்த கார்களின் கதவைப் பிளந்து உணவை எடுத்ததால் வந்தது. 2001 முதல் 2007 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தவர்கள், கரடிகள் குடும்பங்கள் பயணிக்கும் மினிவான்களையே அதிகம் உடைத்தன என்று கண்டார்கள். பிள்ளைகள் சிந்திய உணவின் வாசனை அவற்றில் இருந்திருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிகளை வைத்து, உணவைக் காரில் விடக்கூடாது என்று கட்டாயப்படுத்திய பின் சேதம் வெகுவாகக் குறைந்தது. அங்கே மாற்ற முடிந்தது கரடியை அல்ல, காரோட்டியைத்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் புத்தல - கதிர்காமம் பாதை. யாலக் காட்டை ஒட்டிப் போகும் அந்தப் பாதையில் யானைகள் வாகனங்களை மறித்து, யன்னலுக்குள் தும்பிக்கை நீட்டிப் பழம் எடுப்பதைப் பலர் கண்டிருக்கிறீர்கள். பக்தியோடு வாழைப்பழம் நீட்டிய கைகள்தான் அந்த யானைகளைப் பழக்கின. பழகிய யானை பழம் கொடுக்காத வாகனத்தின் மேல் கோபப்படுகிறது. அதன் முடிவு மனிதருக்கும் நல்லதல்ல, யானைக்கும் நல்லதல்ல. பழனியிலும் கொடைக்கானலிலும் குரங்குகள் கார்க்கண்ணாடி இடுக்கில் கைவிடுவதும் இதே பழக்கத்தின் விளைவுதான்.

கேரம் டவுன்ஸில் கரடியும் இல்லை, யானையும் இல்லை. ஆனால் பூசை முடிந்து வந்து பின் ஆசனத்தில் வைத்து மறந்த சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் எலிக்கு அழைப்பிதழ். எலி வந்தால், எலியைத் தேடி மற்றவரும் வருவார்.

ஒரு மாலையில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை மாலையில், இந்தப் பக்கத்துச் சமூக மண்டபம் ஒன்றின் கார்த் தரிப்பிடத்தில் நான் நின்றிருந்தேன். சிறுவர்கள் கத்தினார்கள்: ஒரு பாம்பு காரின் அடியில் போய், முன்சக்கரத்தின் வழியாக மேலே ஏறிவிட்டது. ஓர் இளைஞர் எங்கிருந்தோ ஒரு தடியோடு ஓடிவந்தார். வன்னியில் கமம் செய்து வாழ்ந்த பெரியவர் ஒருவர் குறுக்கே நின்றார்.

“தம்பி, தடியைக் கீழ போடும்.”

“ஐயா, உள்ளுக்கு ஏறிட்டுது. பிள்ளையள் நிக்கினம்.”

“அதுக்குத்தான் சொல்லுறன். அது எங்களைத் தேடி வரேல்லை, தவளையைத் தேடி வந்தது. பிள்ளையளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போம். நான் இதிலை நிண்டு எங்கை போகுதெண்டு பாக்கிறன்.”

உரிமம் பெற்ற பாம்பு பிடிப்பவருக்கு ஒருவர் தொலைபேசி எடுத்தார். அவர் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் இயந்திரம் குளிர்ந்து, அந்தச் சிறிய புலிப்பாம்பு தானே இறங்கிப் புல்லுக்குள் போய்விட்டது. வந்தவர் காரை முழுவதும் சோதித்துப் பார்த்து, “அந்த ஒரு மணி நேரம் காத்திருந்தீர்களே, அதுதான் சரியான வேலை” என்றார். அடிக்கவோ பிடிக்கவோ முயலும்போதுதான் அடிக்கடி கடி விழுகிறது என்று அவர் விளக்கியதை அந்த இளைஞர் கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

கைகொள்ள வேண்டியவை

நேயர்கள் குறித்து வைத்துக்கொள்ளச் சில வார்த்தைகள். மெல்பேர்னில் பாம்புகள் அதிகம் நடமாடுவது இளவேனிலிலிருந்து இலையுதிர்காலத் தொடக்கம் வரை. அந்த மாதங்களில் காரை உயர்ந்த புல்லின் அருகிலோ விறகுக் குவியலின் அருகிலோ நிறுத்தாதீர்கள். கண்ணாடியையும் டிக்கியையும் திறந்தபடி விடாதீர்கள். காருக்குள் பாம்பு இருப்பது தெரிந்தால் எல்லோரையும் பல மீற்றர் தூரம் தள்ளி நிறுத்துங்கள். ஒருவர் மட்டும் தொலைவிலிருந்து கண்ணெடுக்காமல் பார்க்கட்டும். உரிமம் பெற்றவரை அழையுங்கள். ஓடும்போது கண்டால் பதறாமல் ஓரமாக நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, இறங்கி விலகுங்கள். காயப்பட்ட பொஸமோ பறவையோ என்றால் வைல்ட்லைஃப் விக்டோரியா போன்ற மீட்பு அமைப்புகள் தொலைபேசியில் வழி சொல்லும்.

கடித்துவிட்டால் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கழுவக்கூடாது. கடித்த கை அல்லது காலை முழுவதும் அகலமான பந்தனத் துணியால் இறுக்கிச் சுற்றி, தடி வைத்துக் கட்டி, கடிபட்டவரை நடக்கவிடாமல், 000 இலக்கத்தை அழைக்க வேண்டும். ஒரு பந்தனச் சுருளைக் காரில் வைத்திருங்கள். விலை சொற்பம்.

இந்த மண்ணில் நாம் கடைசியாக வந்தவர்கள். நமக்கு முன் புனுரோங் மக்கள் இருந்தார்கள், அவர்களோடு விலாங்கும் தவளையும் பாம்பும் இருந்தன. சொந்த இடத்திலிருந்து கிளப்பப்படுவது என்றால் என்னவென்று நம்மில் பலருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சதுப்பை இழந்த ஓர் உயிர் ஒரு மணி நேரம் நம் காரின் நிழலில் ஒதுங்கினால், அந்த ஒரு மணி நேரத்தை அதற்குக் கொடுக்க நம்மால் முடியும். கதவைத் திறக்குமுன் ஒருமுறை குனிந்து பாருங்கள். பிள்ளைகளுக்கும் அதைப் பழக்குங்கள்.